வரைக்கும் வக்கீல்

வக்கீல் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். பத்திரக் கட்டு கைக்கு வந்ததும் நூலைப் பிரித்து, அடியில் கிடக்கும் தாளை உருவி மேலே வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார். வீடு வாங்கும் ஆசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பதி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். "சார், முதல் பக்கம் மேல இருந்துச்சே" என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் நிமிராமலே பதில் வரும்.

"முதல் பக்கத்துல எல்லாரும் நல்லவங்கதாங்க. முழு மனசோட, யாரும் வற்புறுத்தாம, சிரிச்ச முகமா விக்கறாங்க, வாங்கறாங்க. கையெழுத்துப் போடற இடத்துலதான் யார் கை நடுங்கிச்சுன்னு தெரியும்."

வீடு, மனை வாங்குவது, விற்பது தவிர வேறு வழக்கு எதையும் அவர் தொடுவதில்லை. அவரிடம் வருகிறவர்களுக்கு வேண்டியதும் ஒரே ஒரு சொல்தான்: வாங்கலாம். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் இன்னும் பிறக்கவில்லை. கட்டு முழுவதையும் தலைகீழாகப் படித்து முடித்து, நூலைப் பழையபடி கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"நீங்க காட்டின தாள் வரைக்கும், அதுல எனக்குப் புரிஞ்ச வரைக்கும், இன்னைய தேதி வரைக்கும், பெருசா ஒண்ணும் குறுக்க நிக்கலை."

"அப்ப வாங்கலாமா சார்?"

"வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே."

"வாங்கலாம்னு சொல்றீங்க?"

"அதை எங்கே சொன்னேன்?"

இப்படித்தான் அவருக்கு 'வரைக்கும் வக்கீல்' என்ற பெயர் நிலைத்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'வரைக்கும்' என்றால் அவர் உட்காரும் நாற்காலியைக் காட்டுவார்கள்.

ஆனாலும் அவருடைய முன்னறையில் கூட்டம் குறைந்ததில்லை. காரணம் இருக்கிறது. அவரைத் தேடி வராமல் அவசரப்பட்டு வாங்கிய ஒரு மளிகைக்கடைக்காரர், குடிபோன பிறகுதான் சமையலறை மொத்தமும் பக்கத்து வீட்டுக்காரருடைய மண்ணில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டார். இன்றைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவன் நிலத்தில் சமைத்துத் தன் நிலத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையை அவர் எல்லாரிடமும் சொல்வார். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு திருப்தி பரவும். அடுத்தவர் வீட்டில் விரிசல் கண்டால் அவருக்குப் பசி நன்றாக எடுக்கும் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். விதியின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவளுக்கு, எந்தக் கேள்விக்கும் விடையே சொல்லாத ஒருவர் வாய்த்தார். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், "என் நாக்குக்கு எட்டின வரைக்கும் குறை தெரியலை" என்பார். முதுகுப் பிடிப்பு என்று டாக்டரிடம் கூட்டிப் போனால், டாக்டர் அழுத்தி "வலிக்குதா?" என்று கேட்க, "தற்சமயம் இல்லை. பின்னால வலிக்காதுன்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்கக் கூடாது" என்பார். டாக்டர் டீச்சரைப் பார்ப்பார். டீச்சர் கூரையைப் பார்ப்பாள்.

அவள் மனத்தில் ஆறாமல் கிடக்கும் புண் ஒன்று உண்டு. கல்யாணப் பேச்சு நடந்த நாளில் அவருடைய தாய்மாமன் எல்லார் முன்னாலும் கேட்டார். "என்னடா மாப்ளே, பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

இருபத்தாறு வயது இளைஞன், காது மடல் சிவக்க, சொன்ன பதில்:

"ஆட்சேபணை எதுவும் இல்லை மாமா."

மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, வேலைக்கென்று வேறு ஊருக்கும் போய்விட்டாள். இன்னமும் சண்டை முற்றினால் டீச்சர் அந்த ஒரு வரியை எடுத்து மேசைமேல் போடுவாள். "உங்களுக்கு என்னைப் பிடிச்சுதா, இல்ல ஆட்சேபணை இல்லையா? இன்னைக்காவது சொல்லுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

ஊரார் எத்தனையோ பேர் சொந்த வீட்டில் விளக்கேற்ற வழிசெய்த வக்கீல் இருந்தது வாடகை வீட்டில். கீழ்த்தளம் இவர்களுக்கு, மாடியில் கணவனை இழந்த வீட்டுக்கார அம்மாள் முழங்கால் வலியோடும் ஒரு வானொலிப் பெட்டியோடும் வாழ்ந்தார். டீச்சர் வீடு தேடாமல் இல்லை. பள்ளி விடுமுறை தோறும் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவாள். ஒன்றில் கிழக்கு எல்லை என்று எழுதியிருந்த மரத்தை எவனோ வெட்டிவிட்டான். மரமில்லாத எல்லையை எப்படி நம்புவது என்றார். இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்கு இடித்தது. "இவ்வளவு சுத்தமா ஒரு பத்திரம் இருந்தா, யாரோ உக்காந்து சுத்தம் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். அத்தோடு டீச்சர் வீடு தேடுவதை விட்டுவிட்டாள். அவளாக விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

போன கோடையில் ஒரு நாள் மாடி அம்மாள் படிக்கட்டைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி வந்து, கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

"தம்பி, இனிமே என்னால மாடி ஏற முடியாது. பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. போகலாம்னு இருக்கேன். வீட்டைக் குடுத்துடப் போறேன். இத்தனை வருஷம் கூட இருந்தவங்க, உங்களைக் கேக்காம வேற யாரைக் கேப்பேன்?"

உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. எழுந்து வரவில்லை. அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதை மட்டும் அனுப்பிவைத்தாள்.

"பத்திரத்தைக் குடுங்கம்மா, பாக்கறேன்" என்றார் அவர்.

பார்த்தார். வாங்குகிறவரும் அவரே, வக்கீலும் அவரே என்பதால் இரட்டிப்புக் கவனத்தோடு பார்த்தார். ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத்தானே ஓர் அறிக்கை எழுதினார். 'ஐயா, தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தாங்கள் ஒப்படைத்த ஆவணங்களைப் பரிசீலித்ததில்' என்று தொடங்கியது அது. மாடி அம்மாளின் காலஞ்சென்ற கணவருக்குத் தம்பி ஒருவர் உண்டு. வீடு அவர்கள் அப்பா கட்டியது. தம்பி தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எங்கும் ஒரு வரி இல்லை. ஆகவே, எனினும், இருப்பினும், என்று நீண்டு, 'இது தங்கள் சொந்த முடிவுக்கு உட்பட்டது' என்று தனக்கே சொல்லி முடிந்தது. டீச்சர் அதை முழுதும் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் 'விடை எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் மாடிக்குப் போனார்.

"அம்மா, உங்க கொழுந்தனார் ஒருத்தர் இருந்தாரே?"

"இருந்தான். கப்பல் வேலைக்குன்னு போனான். அங்கேயே தங்கிட்டான். திரும்பி வரவே இல்லை."

"வரலைங்கறதுக்கு ஆதாரம் ஏதாவது?"

"வராததுக்கு என்ன தம்பி ஆதாரம்? வந்திருந்தாத்தானே ஆதாரம் இருக்கும்?"

இந்தப் பதிலில் இருந்த சட்ட நுட்பம் அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கீழே வந்து பழைய தீர்ப்புகளைப் புரட்டினார். காணாமற்போனவர்களைப் பற்றி நாடுகள் எல்லாம் என்ன சொல்கின்றன என்று படித்தார். அந்த மாதம் போயிற்று. அடுத்த மாதமும் போயிற்று. மாடி அம்மாள் தினமும் குரல் கொடுப்பார்: "என்ன தம்பி, முடிவு பண்ணிட்டீங்களா?" "பரிசீலனையில இருக்கும்மா" என்று கீழிருந்து பதில் போகும். கடைசியில் அம்மாளுக்குப் பொறுமை போய், ஒரு தரகரிடம் சொல்லிவைத்தார்.

தரகர் கெட்டிக்காரர். ஒரு பல் டாக்டரையும் அவர் மனைவியையும் பிடித்து, "வீட்டையும் பாத்துடலாம், பத்திரம் பாக்கற வக்கீலும் அதே வீட்டுலதான் இருக்காரு, ஒரே நடையா போச்சு" என்று கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பல் டாக்டர் பத்திரக் கட்டை மேசைமேல் வைத்தபோதே வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. தானே போட்ட முடிச்சு. இருந்தாலும் பழக்க தோஷத்தில் பிரித்தார். கடைசித் தாளை உருவினார். நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றினார். எழுத்துகள் எதுவும் கண்ணில் ஏறவில்லை.

"வாங்கலாமா சார்?" என்றார் டாக்டர்.

ஒரே ஒரு வரி போதும். 'கணக்கில் வராத ஒரு பங்காளி எங்கேயோ இருக்கிறார்' என்று சொன்னால் டாக்டர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். வாழ்நாள் முழுவதும் யார் யாருக்கோ சொன்ன வரிதான். இன்றைக்கு அதற்கே ஏதோ குறுக்கே நின்றது. தன் லாபத்துக்காகச் சொல்லும் உண்மையும் உண்மைதானா என்று அவருக்குப் புரியவில்லை. கட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்தப் பத்திரத்தை நான் பாக்கக் கூடாதுங்க. வேற வக்கீல்கிட்ட போங்க."

"ஏன் சார், வேலை ஜாஸ்தியா?"

"அதில்லை. இந்த வீட்டுல எனக்கு ஒரு..." சொல்லைத் தேடினார். உரிமை என்று சொல்ல முடியாது. ஆசை என்று சொல்லிப் பழக்கமில்லை. "ஒரு சம்பந்தம் இருக்கு."

"வாடகைக்கு இருக்கீங்க, அதானே? காலி பண்ண நாங்க டைம் தர்றோம் சார், அவசரமே இல்லை" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு டாக்டர் எழுந்தார். "வீட்டை மட்டும் ஒரு பார்வை பாத்துடறோம்."

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. டாக்டரின் மனைவி ஜன்னல்களை எண்ணினார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். டாக்டர் நோயாளி வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வோர் அறைக்குள்ளும் தலையை நீட்டினார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவருக்கு வந்ததும் நின்றார். அதன் வண்ணப் பூச்சில், தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், முட்டை வடிவத்தில் ஓர் எண்ணெய்க் கறை. டீச்சர் அங்கே சாய்ந்து உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்துவாள். தலை பட்டுப் பட்டு விழுந்த கறை. மாடி அம்மாள் எத்தனையோ தடவை கோபித்துக்கொண்ட கறை.

டாக்டர் குனிந்து, சரியாக அந்தக் கறையின் நடுவில், பல்லைத் தட்டிப் பார்க்கிறவரைப் போல விரல் முட்டியால் தட்டினார்.

"இதை எடுத்துடலாம்" என்றார் மனைவியிடம். "இடிச்சிட்டா ஹால் பெருசாயிடும்."

"அந்தச் சுவரை இடிக்கக் கூடாது."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. வக்கீலின் குரல்தான். ஆனால் முன்னும் பின்னும் எதுவுமில்லாமல், எதற்கும் உட்படாமல், மொட்டையாக ஒரு வாக்கியம் அவரிடமிருந்து வந்து டீச்சர் கேட்டதே இல்லை.

டாக்டரும் திடுக்கிட்டுத் திரும்பினார். "சட்டப்படி சொல்றீங்களா சார்?"

"இல்லை. மாடி அதுமேலதான் நிக்குது. வீட்டுக்காரனா சொல்றேன்."

"வீட்டுக்காரரா?" டாக்டர் குழம்பினார். "நீங்க வாடகைக்கு இருக்கறவர்னுதானே தரகர் சொன்னாரு?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அவரு என் வீட்டுக்காரர்" என்றாள்.

பல் டாக்டர் தம்பதிக்கு இதில் எது சட்டம், எது குடும்பம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சுவரை இடிக்க முடியாத வீடு தங்களுக்குச் சரிப்படாது என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். முன்னறை வெறிச்சோடியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். டீச்சர் அதைக் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"துடைச்சது போதும். வீடு வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றார். ஏதோ தப்புக் காரியம் செய்தவர்போல உடனே தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா அந்தக் கொழுந்தனார்..."

அவர் முடிப்பதற்குள் டீச்சர் மாடிப்படி ஏறிவிட்டாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, உங்க கொழுந்தனார் போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள் டீச்சர்.

"இருக்கே" என்றார் அம்மாள், வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை தவறாம பேசுவானே. முந்தாநாள்கூட அரை மணி நேரம் முழங்காலுக்கு மருந்து சொன்னான்."

வக்கீல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "திரும்பி வரவே இல்லைன்னு சொன்னீங்களேம்மா!"

"ஆமா, வரலை. போன்தானே பேசறான்? நீங்க ஆதாரம் கேட்டீங்க தம்பி. நம்பர் கேக்கலையே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வக்கீல் ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி எழுதி வைத்திருந்தார். மறுமுனையில் ஒரு கிழவரின் கரகரத்த குரல் கேட்டதும் முதல் கேள்வியைப் படித்தார்.

"தாங்கள் பூரண சுயநினைவோட பேசறீங்களா?"

"யாருய்யா நீ, காலங்கார்த்தால?"

டீச்சர் போனைத் தன் பக்கம் இழுத்து நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். வக்கீல் அடுத்த கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த மாதிரி இடத்தில் எத்தனை வீடுகள் கைநழுவிப் போயிருக்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

"அந்த வீடா?" என்றது குரல் மெல்ல. "மழை பெஞ்சா மாடிப்படிக்கு அடியில இன்னும் ஒழுகுதா?"

"என் கவனத்துக்கு வந்த வரைக்கும்..." என்று வக்கீல் தொடங்கினார்.

"கொட்டுதுங்க" என்றாள் டீச்சர்.

கிழவர் இருமும் வரை சிரித்தார். "எங்கப்பன் சாகற வரைக்கும் அதை அடைக்கப் பாத்தான். எனக்கு அந்த வீட்டுல பங்கே வேணாம் தாயி. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

விட்டுக்கொடுத்த பத்திரம் அங்கே அதிகாரி முன்னால் கையெழுத்தாகித் தபாலில் வந்தது. கையெழுத்தின் வால் சரியாக வளையவில்லை என்று வக்கீல் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது. ஒரு பக்கத்தில் மை லேசாகப் பரவியிருக்கிறது என்று மறுபடியும் அனுப்பினார். மூன்றாம் முறை தபாலுக்கு முன்னால் போன் வந்தது. "இன்னொரு தடவை திருப்பி அனுப்பிச்சே, நானே கப்பலேறி நேர்ல வந்து பாதி வீட்டைக் கேட்டு உக்காந்துடுவேன்." வக்கீல் அதற்குப் பிறகு எந்தக் குறையும் காணவில்லை.

பதிவு நாளன்று அலுவலகமே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. வரைக்கும் வக்கீல் வீடு வாங்குகிறார் என்றால் சும்மாவா? அதிகாரி வழக்கமான கேள்வியை வழக்கமான கொட்டாவியோடு கேட்டார்: "முழு மனசோடதானே வாங்கறீங்க?" அவர் வாயைத் திறந்தார், மூடினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே சுவரில் ஓடிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார்.

அதிகாரி முத்திரையைக் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாடி அம்மாள் மகள் வீட்டுக்குப் போனார். மாடியைக் கூட்டிப் பெருக்கி, பூட்டி, சாவியைக் கொண்டுவந்து வைத்தவர் வக்கீல்தான். மறுநாள் காலை டீச்சர் புத்தக அலமாரியின் மேல் சாய்த்து வைத்திருந்த மகளின் பட்டமளிப்புப் படத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, முன்னறைச் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினாள். அந்தச் சுவரில் இத்தனை வருஷத்தில் ஓர் ஆணிகூட ஏறியதில்லை. "இங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிப் போனாள்.

அவர் கடைக்குப் போய்ச் சுத்தியலும் ஆணியும் வாங்கிவந்தார். முக்காலியில் ஏறி, அவள் காட்டிய இடத்தில் ஆணியை வைத்துப் பிடித்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நிற்க, அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, ஆணியின் தலைமேல் வைத்து, மாடிக்குச் சத்தம் கேட்காதபடி மெல்ல மெல்லத் தட்டத் தொடங்கினார்.